சேமக்கலமும் கூட்டாராய்ச்சியும்

விளைந்த காலத்தில் நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, விளையாத காலத்தில் எடுத்து உண்பது உழவர் வழக்கம். பெய்த மழையை ஏரியில் தேக்கி, பெய்யாத காலத்தில் வயலுக்குப் பாய்ச்சுவதும் நம் முன்னோர் கண்ட முறையே. உள்ள காலத்திற் சேர்த்து வைத்து இல்லாத காலத்திற் பயன்கொள்ளும் இவ்வறிவே நாகரிக வாழ்வின் அடிப்படை எனலாம். ஆயின், இக்கால மக்கள் வாழ்வில் உணவும் நீரும் போல இன்றியமையாததாகிவிட்ட மின்னாற்றலை அங்ஙனம் குவித்து வைத்தல் எளிதன்று. மின்னிலையத்தில் பிறக்கும் மின்சாரம் பிறந்த அந்நொடியிலேயே எங்கேனும் ஒரு விளக்கை எரித்தோ, ஓர் எந்திரத்தைச் சுழற்றியோ செலவாதல் வேண்டும்.

நிலக்கரியை எரித்தே மின்சாரம் ஆக்கிய காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. நிலக்கரியே ஒரு சேமிப்பாக இருந்தது. வேண்டும்போது மிகுதியாக எரித்தனர், வேண்டாதபோது குறைத்துக்கொண்டனர். இக்காலத்திலோ, கரியை எரித்தலால் எழும் வளிகள் உலகின் வெப்பத்தை மிகுவிக்கின்றமையின், கதிரவன் ஒளியினின்றும் காற்றின் விசையினின்றும் மின்னாற்றலைப் பெறும் முயற்சி பல நாடுகளிலும் பெருகி வருகின்றது. கதிரவன் மாலையில் மறைகின்றான்; மக்கள் விளக்கேற்றுவதோ அவன் மறைந்த பின்னரே. காற்று ஒரு நாள் பெருக வீசுகின்றது. மறுநாள் இலையும் அசையாமல் ஓய்ந்துவிடுகின்றது. ஆதலின், நண்பகலில் மிகும் மின்சாரத்தை இரவுக்கு வைத்திருக்க ஒரு குதிர் வேண்டும். நீரை மலைமேல் உள்ள அணைக்கு ஏற்றி வைத்து, வேண்டும்போது கீழே பாய்ச்சி மின்சாரம் பெறும் முறை ஒன்று உண்டு. மலையும் நீரும் அமைந்த இடங்களில்தான் அது கூடும். எவ்விடத்தும் வைத்தற்கும், ஊர்தியில் ஏற்றிச் செல்லுதற்கும் ஏற்ற குதிர், மக்கள் வழக்கில் பாட்டரி எனப்படும் சேமக்கலமே ஆகும்.

இச்சேமக்கலத்தை மேம்படுத்தும் பணியில் அறிஞரும் உற்பத்தி நிறுவனத்தாரும் எவ்வாறு ஒருங்கு கூடினர் என்பதையும், அக்கூட்டில் உற்பத்தியாளரின் பங்கு யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண் சேமக்கலத்தின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நலம். இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா என்பார் 1800-ஆம் ஆண்டில், இருவகை உலோகத் தட்டுகளை மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து, இடையறாத மின்னோட்டத்தைப் பெறும் வழியைக் கண்டார். அவ்வடுக்கு ஒருமுறை பயன்பட்டு ஓய்ந்தால் பின்னர் உதவாது. தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றிப் பயன்கொள்ளத்தக்க கலத்தை 1859-இல் பிரான்சு நாட்டவரான பிளாண்டே ஆக்கினார். காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்திய கலம் அது. மோட்டார் வண்டியை முடுக்கிவிடும் சேமக்கலம் இன்றும் பெரும்பாலும் அக்குலத்தைச் சார்ந்ததே.

எவ்வகைச் சேமக்கலத்திலும் உறுப்புகள் மூன்று உள. நேர்மின்வாய் ஒன்று, எதிர்மின்வாய் ஒன்று, இவ்விரண்டிற்கும் இடையே அயனிகள் சென்று வருதற்கு வழியாகிய மின்பகுளி ஒன்று. கலத்தினின்று மின்சாரத்தை எடுக்குங்கால் உள்ளே ஒரு வேதிமாற்றம் நிகழ்கின்றது. மின்னேற்றுங்கால் அம்மாற்றம் பின்னோக்கித் திரும்புகின்றது. ஆகவே, சேமக்கலத்தில் உண்மையில் சேர்த்து வைக்கப்படுவது மின்சாரம் அன்று, பொருள்களின் வேதியாற்றலே. எப்பொருள்களைத் தேர்ந்தெடுக்கின்றோம் என்பதைப் பொறுத்தே கலத்தின் வலிமையும், எடையும், விலையும், வாழ்நாளும் அமையும். காரீயம் மலிவானது, ஆயின் மிகக் கனமானது. ஒரு கிலோகிராம் எடையுள்ள காரீயச் சேமக்கலம் ஏறத்தாழ 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலையே தாங்கும். அத்தகைய கலங்களைக் கொண்டு ஒரு வண்டியை நெடுந்தொலைவு ஓட்டப் புகுந்தால், வண்டி தன் கலங்களைச் சுமப்பதற்கே உழைக்க நேரிடும்.

கனமான காரீயத்தினின்று அறிஞர் கருத்து உலோகங்களுள் மிக இலேசான லித்தியத்தின்பாற் சென்றது. அவ்வரலாறு நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1970-களில், ஸ்டான்லி விட்டிங்காம் என்னும் அறிஞர், எக்ஸான் என்னும் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், டைட்டானியம் டைசல்பைடை நேர்மின்வாயாகவும் லித்திய உலோகத்தை எதிர்மின்வாயாகவும் கொண்ட கலத்தை அமைத்தார். அஃது இரண்டு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் தந்தது. ஆனால், மீண்டும் மீண்டும் மின்னேற்றுங்கால் லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டுக் குறுக்குச் சுற்றை உண்டாக்கியமையின், கலம் தீப்பற்றும் இடர் நேர்ந்தது. சில ஆண்டுகளில் அந்நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. 1980-இல் ஜான் குடினஃப் என்பார் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில், கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாயாகக் கொண்டால் அழுத்தம் நான்கு வோல்ட் வரை உயரும் என்று காட்டினார். 1985-இல் ஜப்பான் நாட்டில் அசாஹி கசேய் என்னும் வேதிப்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா யோஷினோ, இடர் விளைக்கும் லித்திய உலோகத்தை நீக்கி, பெட்ரோலியக் கரியை எதிர்மின்வாயாக அமைத்தார். இக்கலத்தில் லித்திய அயனிகள் இரு வாய்களுக்கும் இடையே ஊஞ்சல் போலச் சென்று திரும்புகின்றன.

யோஷினோ தம் கலத்தை வெடிபொருள்களைச் சோதிக்கும் இடத்திற்குக் கொண்டு சென்று, பெரியதோர் இரும்புத் துண்டை அதன்மேல் விழச் செய்தார். கலம் நசுங்கியதே அன்றி வெடிக்கவில்லை. லித்திய உலோகம் கொண்ட கலத்தின்மேல் அவ்விரும்பை வீழ்த்தியபோதோ, அது கடுமையாக வெடித்தது. ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் ஒரு கலம் மக்கள் கையிற் கொடுத்தற்கு உரியதா என்னும் வினாவை எழுப்பி, அதற்குச் சோதனையால் விடை கண்ட நிகழ்ச்சி இது. 1991-இல் சோனி நிறுவனம் லித்திய அயனிச் சேமக்கலத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. அறிஞர் மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அப்போது குடினஃப் அகவை 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோம் நகரில் பரிசுச் சொற்பொழிவு நிகழ்த்தியவர், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று, குடினஃப்போடு நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. முதற் கருத்துத் தோன்றியது ஓர் எண்ணெய் நிறுவனத்தில். அடுத்த முன்னேற்றம் ஒரு பல்கலைக்கழகத்தில். மூன்றாவது ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில். விற்பனைக்குக் கொணர்ந்தது வேறொரு நிறுவனம். மூன்று பெருநிலப் பகுதிகளில், தனித்தனியே, ஒருவர் விட்ட இழையை மற்றொருவர் பற்றிக்கொண்டமையால் இது நிறைவேறிற்று. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆயின. இவர்கள் அனைவரும் தொடக்கத்திலேயே ஓரிடத்தில் கூடியிருந்தால் காலம் குறைந்திராதா என்று வினவத் தோன்றுகின்றது அன்றோ?

ஆய்வுக்கூடத்திற்கும் தொழிற்சாலைக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. ஆராய்ச்சியாளர் ஒரு புதிய பொருளைச் சிறிதளவே எடுத்து, நாணயம் போன்ற சிறு கலத்தில் அடைத்துச் சோதிக்கின்றார். அது நன்கு இயங்கினால் அவர் பணி ஒருவாறு முடிந்தது. தொழிற்சாலையிலோ அப்பொருளைக் குழம்பாகக் கரைத்து, தாள்போல் மெலிந்த செப்புத் தகட்டின் மேலும் அலுமினியத் தகட்டின் மேலும் ஒரே கனமாகப் பூசுதல் வேண்டும். பூசியதை உலர்த்தி, உருளைகளுக்கு இடையே அழுத்தி, அளவாக நறுக்கி, இடையே நுண்துளைகள் உள்ள படலத்தை வைத்துச் சுருட்டுதல் வேண்டும். லித்திய அயனிக் கலத்தின் மின்பகுளி ஈரம் பட்டால் கெடும் ஆதலின், ஈரம் நீக்கிய அறையிலேயே அதனை ஊற்றி மூடுதல் வேண்டும். இப்பூச்சு ஒரு முழம் அன்று, இரு முழம் அன்று; கல் தொலைவுக்கணக்கில் நீள்வது. அதில் ஓரிடத்தில் ஒரு சிறு உலோகத் துகள் சிக்கினும், பின்னொரு நாள் எவர் வீட்டிலோ அக்கலம் தீப்பற்றக் கூடும். ஒலிப்பதிவு நாடாவின்மேல் காந்தப் பொருளை ஒரே சீராகப் பூசுவதில் சோனி நிறுவனம் பெற்றிருந்த பழக்கம், சேமக்கலத் தகடுகளைப் பூசுதற்குப் பெரிதும் உதவியது என்பர். வேதியியல் நூல் எதுவும் கற்பிக்காத அறிவு அது. தொழிலிற் பழகிய கைக்கே உரியது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டில் சிறந்த கலம் எத்தனையோ உள. அவற்றுட் கறிக்கு உதவுவது எது என்று சொல்லக்கூடியவர், நாள்தோறும் கலம் செய்து விற்போரே. அவரை ஆராய்ச்சியின் முடிவில் அழைத்து, ‘இதனைச் செய்து தருக’ என்று கூறுவதினும், தொடக்கத்திலேயே உடன் அமர்த்திக்கொள்ளுதல் பொருந்தும் அன்றோ? இக்கருத்தை ஏற்று எழுந்ததே அமெரிக்க நாட்டின் ஆற்றல் சேமிப்பு ஆராய்ச்சிக் கூட்டு மையம்.

2012-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் எரிசக்தித் துறை இம்மையத்தை அறிவித்தது. ஐந்தாண்டுகளுக்கு 12 கோடி டாலர் வரை வழங்குவதாக அரசு உறுதி கூறிற்று. சிக்காகோ நகருக்கு அண்மையில் உள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் தலைமை தாங்கிற்று. ஜார்ஜ் கிராப்ட்ரீ என்னும் இயற்பியல் அறிஞர் இயக்குநராக அமர்ந்தார். ஆர்கான் உள்ளிட்ட ஐந்து தேசிய ஆய்வுக்கூடங்களும் ஐந்து பல்கலைக்கழகங்களும் தொழில்துறையைச் சார்ந்த நான்கு அமைப்புகளும் இதில் ஒன்று கூடின. டௌ கெமிக்கல், அப்ளைடு மெட்டீரியல்ஸ், ஜான்சன் கண்ட்ரோல்ஸ், கிளீன் எனர்ஜி டிரஸ்ட் என்பன அந்நான்கு. இவற்றுள் டௌ கெமிக்கல் வேதிப்பொருள் ஆக்குவது. அப்ளைடு மெட்டீரியல்ஸ் நுண்பொருள் ஆக்கும் எந்திரங்களைச் செய்வது. கிளீன் எனர்ஜி டிரஸ்ட் புதிய தொழில் முயற்சிகளுக்குத் துணை நிற்பது. ஜான்சன் கண்ட்ரோல்ஸ் சேமக்கலம் செய்வதில் அந்நாளில் உலகிற் பெயர்பெற்று விளங்கியது. அக்காலத்துக் கலங்களினும் ஐந்து மடங்கு ஆற்றல் தாங்கும் கலத்தை, ஐந்தில் ஒரு பங்கு விலையில், ஐந்து ஆண்டுகளில் ஆக்கிக் காட்டுதல் என்பதே இம்மையம் மேற்கொண்ட குறிக்கோள்.

ஜான்சன் கண்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் தோற்றம் மாணவர்க்குச் சுவை பயப்பது. அதனைத் தோற்றுவித்தவர் பெருஞ்செல்வர் அல்லர். ஒரு பள்ளி ஆசிரியர். விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் என்பார் பணிபுரிந்தார். அங்குக் குளிர் மிகக் கடுமையானது. வகுப்பறையின் வெப்பம் மிகுந்ததோ குறைந்ததோ என்று பார்ப்பதற்குப் பள்ளிப் பணியாளர் அடிக்கடி உள்ளே வந்து சென்றமையால் பாடம் தடைப்பட்டது. இதனைக் கண்ட ஜான்சன், அறையின் வெப்பநிலையை மின்சாரத்தின் வழியே உலைக்கூடத்திற்கு அறிவிக்கும் கருவி ஒன்றை இயற்றி, 1883-இல் காப்புரிமை பெற்றார். 1885-இல் மில்வாக்கி நகரில் அவர் பெயரால் நிறுவனம் எழுந்தது. அந்நிறுவனம் 1978-இல் குளோப் யூனியன் என்னும் சேமக்கல நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, வண்டிகளுக்குரிய காரீயக் கலங்களைப் பெருவாரியாகச் செய்யலாயிற்று.

குளோப் யூனியனின் பழைய பணி ஒன்று, உற்பத்தியாளரின் அறிவு எத்தகையது என்பதற்கு எடுத்துக்காட்டாகும். முற்காலத்தில் காரீயக் கலத்தின் பெட்டி தடித்த கடின ரப்பரால் அமைந்திருந்தது. 1960-களில் அந்நிறுவனத்தார் பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் மெல்லிய சுவருடைய பெட்டியை ஆக்கினர். சுவர் மெலிந்தமையால் பெட்டியின் வெளியளவு மாறாமலே உள்ளிடம் பெருகிற்று, காரீயத்தையும் அமிலத்தையும் மிகுதியாக வைக்க முடிந்தது, கலமும் வலிவுற்றது. இதில் புதிய வேதியியல் ஒன்றும் இல்லை. செய்பொருளை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்ப்போர்க்கே இத்தகைய வழி தோன்றும்.

இத்தகைய நிறுவனம் ஒன்று அறிஞர் அவையில் அமருங்கால் எழுப்பத்தக்க வினாக்கள் ஐந்து. ‘இப்பொருள் வேண்டுமளவு கிடைக்குமா?’ என்பது முதல் வினா. சிறிதளவு கிடைத்தற்கரிய உலோகத்தைக் கொண்டு உலகிற்கெல்லாம் கலம் செய்தல் இயலாது. ‘இதனை விரைந்து பெருக்கிச் செய்ய இயலுமா?’ என்பது இரண்டாவது. ஒரு கலத்தைச் செய்ய ஒரு நாள் பிடிக்குமாயின், அது காட்சிக்கூடத்திற்கே உரியது. ‘தவறிக் கீழே விழுந்தாலும், வெயிலிற் கிடந்தாலும், அளவுக்கு மேல் மின்னேற்றினாலும் இடர் விளையாதா?’ என்பது மூன்றாவது. ‘எத்தனை முறை மின்னேற்றி இறக்கினும் வலி குன்றாதிருக்கும்?’ என்பது நான்காவது. பத்து முறை நன்கு இயங்கியதைக் கண்டு ஆய்வாளர் மகிழலாம்; மக்களுக்கோ ஆயிரம் முறைக்கு மேலும் அது உழைத்தல் வேண்டும். ‘பயன் தீர்ந்தபின் இதனை என்செய்வது?’ என்பது ஐந்தாவது. இவ்வைந்தாம் வினாவிற்குக் காரீயக் கலத் தொழில் சிறந்த விடை கண்டுள்ளது. அமெரிக்க நாட்டில் பயன் தீர்ந்த காரீயக் கலங்கள் ஏறத்தாழ எல்லாமே திரும்பப் பெறப்பட்டு, உருக்கப்பட்டு, மீண்டும் கலமாகின்றன. காரீயம் நஞ்சாதலின் இவ்வொழுங்கு மக்கள் நலத்திற்கும் இன்றியமையாதது. புதிய கலங்களுக்கும் இவ்வழி அமைதல் வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எண்ணுதல் கடன்.

உற்பத்தியாளர் கொடுப்பவர் மட்டும் அல்லர், பெறுபவரும் ஆவர். ஒரு நிறுவனம் தன் பொருளைச் சிறிது சிறிதாகத் திருத்தவல்லது. முற்றிலும் புதிய பொருளைத் தேடுதற்கு வேண்டிய காலமும் கருவிகளும் அதனிடம் அரிதாகவே இருக்கும். அணுக்களின் அமைப்பைக் காட்டும் பேரொளிக் கதிர்க் கருவிகளும் மாபெருங் கணினிகளும் தேசிய ஆய்வுக்கூடங்களிலேயே உள. இம்மையத்தினர் மின்பகுளிக்கு உரிய பல்லாயிரம் மூலக்கூறுகளைக் கணினியில் ஆராய்ந்து, தகுதியற்றவற்றைக் கழித்து, தகுதியுடையவற்றை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். லித்திய அயனி ஒரு மின்சுமையையே தாங்குகின்றது. மக்னீசிய அயனியோ இரண்டினைத் தாங்கவல்லது. ஆதலின் மக்னீசியக் கலத்தை ஆராய்ந்தனர். இரு சுமையுடைய அயனி தான் புகும் பொருளோடு இறுகப் பிணைந்து மெல்லவே நகர்தலால், அவ்வழி கடினமானது என்பதையும் உணர்ந்தனர். வேதிப்பொருளை நீர்மமாகப் பெருந்தொட்டிகளில் வைத்து, வேண்டும்போது கலத்தின் வழியே பாய்ச்சும் பாய்மக் கலத்தையும் ஆராய்ந்தனர். ஊர் முழுமைக்கும் மின்சாரம் சேமித்தற்கு அது ஏற்றது; தொட்டியைப் பெருக்கினால் சேமிப்பும் பெருகும்.

இக்கூட்டு முயற்சியின் சிறந்ததொரு பயன், செய்வதற்கு முன்னரே கணக்கிட்டுப் பார்க்கும் முறை வேரூன்றியமை ஆகும். லித்தியமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரும் கலம், எடைக்கு எடை பார்க்கையில் வியக்கத்தக்க ஆற்றல் தாங்கும் என்று ஏட்டுக் கணக்குக் காட்டிற்று. பலரும் அதனைப் பெரிதும் நம்பினர். ஆர்கான் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தோர் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கலத்தை மட்டும் கருதாமல், காற்றைத் தூய்மை செய்யும் கருவி, அழுத்தும் கருவி, தொட்டி ஆகியவற்றின் எடையையும் இடத்தையும் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டனர். அவ்வாறு நோக்கியபோது வண்டிகளுக்கு அக்கலம் எண்ணிய மேன்மையைத் தராது என்பது விளங்கிற்று. பல ஆண்டுகள் உழைத்து ஒரு தொழிற்சாலையைக் கட்டிய பின்னர் அறியும் உண்மையைத் தாளிலேயே அறிந்துகொள்ளுதல் எத்துணைப் பெரிய ஊதியம்! ஆய்வாளர் தம் பொருளை உற்பத்தியாளர் கண்கொண்டு நோக்கக் கற்றனர் என்பதற்கு இது சான்று.

இத்தகைய கூட்டில் இடர்ப்பாடும் உண்டு. அறிஞர்க்குத் தாம் கண்டதை உலகறிய வெளியிடுதலே பெருமை. நிறுவனத்திற்கோ, தான் கண்டதைப் போட்டியாளர் அறியாமற் காப்பதே பிழைப்பு. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் எதனைச் சொல்வது, எதனை மறைப்பது என்னும் ஐயம் எழுதல் இயல்பு. ஆதலின் கூட்டாராய்ச்சியிற் புகுவோர், காப்புரிமை எவர்க்கு, பயன்படுத்தும் உரிமை எவர்க்கு என்பவற்றைத் தொடக்கத்திலேயே உடன்படிக்கையால் வரையறுத்துக்கொள்கின்றனர். இயற்கையின் அடிப்படை உண்மைகளைப் பொதுவாக ஆராய்ந்து, விற்பனைக்குரிய பொருளை அவரவர் தனித்தனியே ஆக்கிக்கொள்ளுதல் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளப்படும் நெறி. பொது ஏரியின் நீரைப் பகிர்ந்துகொண்டு, தத்தம் வயலைத் தாமே உழுதல் போன்றது இது.

மேற்கொண்ட குறிக்கோள் நிறைவேறிற்றா என்று வினவின், ஐந்து மடங்கு ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்கு விலையும் உடைய கலம் ஐந்தாண்டுகளில் கடைக்கு வரவில்லை என்றே விடை கூறுதல் வேண்டும். ஆயினும் முயற்சி வீண் போகவில்லை. 2018-இல் அரசு மேலும் ஐந்தாண்டுகளுக்கு 12 கோடி டாலர் வழங்க முன்வந்தது. மையத்தின் துணையோடு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் கந்தகத்தையும் காற்றையும் கொண்டு மிக மலிவான பாய்மக் கலத்தை ஆக்கி, 2017-இல் வெளியிட்டனர். அவ்வாராய்ச்சியில் முன்னின்ற யெட்-மிங் சியாங் என்பாரும் பிறரும் அதே ஆண்டில் ஃபார்ம் எனர்ஜி என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். பின்னர் அந்நிறுவனம் இரும்பு துருப்பிடித்தலையும் துரு மீண்டும் இரும்பாதலையும் பயன்கொண்டு, நூறு மணி நேரம் வரை மின்சாரம் வழங்கும் கலத்தை ஆக்க முற்பட்டு, மேற்கு வர்ஜீனியாவில் பழைய எஃகு ஆலை இருந்த இடத்தில் தொழிற்சாலை அமைத்தது. 2024-இல் ஆர்கான் ஆய்வுக்கூடத்தின் தலைமையில் ஆற்றல் சேமிப்புக்கென மற்றோர் ஆராய்ச்சிக் கூட்டணி அறிவிக்கப்பெற்றது. இழை அறுபடாமல் தொடர்கின்றது.

இதற்கிடையே தொழிற்சாலைகளும் வாளா இருக்கவில்லை. லித்திய அயனிக் கலத்தை மேன்மேலும் மிகுதியாகவும் செம்மையாகவும் செய்து பழகியதனால், அதன் விலை 2010-க்குப் பிற்பட்ட ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு அளவிற்கு இறங்கிற்று. எனவே புதிதாக வரும் எக்கலமும் பழையதை வெல்லுதற்கு முன்னினும் கடுமையாகப் போட்டியிடல் வேண்டும். புதியதைத் தேடும் அறிஞரும், உள்ளதைத் திருத்தும் தொழிலாளரும் ஒருவரை ஒருவர் முன்னோக்கித் தள்ளுகின்றனர்.

நிறுவனங்கள் நிலைமாறுவதும் உண்டு. சோனி நிறுவனம் தன் சேமக்கலத் தொழிலை 2017-இல் முராட்டா நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. ஜான்சன் கண்ட்ரோல்ஸ் நிறுவனமும் 2019-இல் தன் சேமக்கலத் தொழிலை விற்றது. அத்தொழில் கிளாரியோஸ் என்னும் புதுப்பெயர் பூண்டது. பெயர்ப்பலகை மாறினும், கூடியிருந்து கண்ட அறிவு மாறவில்லை. அது நூல்களிலும், அவ்வவையிற் பயின்ற இளைஞர் உள்ளங்களிலும், அவர்கள் தோற்றுவிக்கும் புதிய தொழில்களிலும் வாழ்கின்றது. அரசின் பொருளைக் கொண்டு, அதாவது பொதுமக்களின் வரிப்பொருளைக் கொண்டு, இத்தகைய கூட்டாராய்ச்சி நடத்துதற்கு உரிய நியாயமும் இதுவே.

மாணவர்காள்! தேரை ஒருவரே இழுத்தல் இயலாது. ஊர் கூடி வடம் பிடித்தாலே அது நிலையை வந்தடையும். வடம் பிடிப்போர் பலராயினும், தேர் சாயாமற் காப்பதற்குச் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை போடும் கைப்பழக்கம் உடையார் ஒருவரும் வேண்டும். அவர் தேரைத் தடுப்பவர் போலத் தோன்றினும், உண்மையில் அதனைச் செல்லும் வழியிற் செலுத்துபவர் ஆவர். ‘இது மக்களுக்கு உதவுமா? இதனைச் செய்ய இயலுமா? இதனால் இடர் விளையாதா?’ என்று வினவும் உற்பத்தியாளரின் பணியும் அத்தகையதே. உங்களுள் சிலர் அறிவியல் பயின்று ஆய்வுக்கூடம் செல்வீர்கள். சிலர் தொழில் பயின்று ஆலை செல்வீர்கள். ஆய்வுக்கூடம் செல்வோர் ஆலையில் உழைப்போரின் வினாவைச் செவிமடுத்துக் கேளுங்கள். ஆலை செல்வோர் ஆய்வாளரின் கனவை எள்ளாது மதியுங்கள். பகற்பொழுதின் கதிரொளியைச் சேர்த்து வைத்து, ஏழை எளியோர் வீட்டிலும் இரவெல்லாம் விளக்கெரியச் செய்யும் மலிவான சேமக்கலம் அவ்விருவரும் கூடி உழைக்கும் இடத்திலேயே பிறத்தல் கூடும்.